அலையும் அலைவரிசையும் – 19: மூன்று விநாடி

காரைக்காலிலிருந்து மேற்கே 5 கிலோமீட்டர் போனால் திருநள்ளாறு. சனிக்கிழமை விடியற்காலையில் நள தீர்த்தத்துப் படிகளில் நல்லெண்ணெய் வழுக்கும். தலை முழுகிவிட்டு தர்ப்பாரண்யேசுவரரைக் கும்பிட்டு, சனீசுவரன் சந்நிதி வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தக் கதை எப்படியும் வந்துவிடும். "இந்தக் கோயிலுக்கு நேர் மேல வர்றப்ப அமெரிக்காக்காரன் சேட்டிலைட் எல்லாம் மூணு விநாடி நின்னுபோயிடும், தெரியுமா சார்?"

பல வருடங்களாக இந்தச் செய்தி கைப்பேசி விட்டுக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. சொல்பவர்கள் பக்தியோடு சொல்கிறார்கள். அவர்கள் பக்தியில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் செயற்கைக்கோளைப் பற்றிய பாதி மட்டும் தவறு. காரைக்கால் மண்ணில் காலூன்றி எழுதப்படும் இந்தத் தொடர் அதைக் கடந்துபோக முடியாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தரையிலிருந்து 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள புள்ளி பூமியில் விநாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடுகிறது. திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் கடற்கரையை எட்ட அதற்கு ஒரு விநாடி போதும். மூன்று விநாடியில் 21 கிலோமீட்டர் போய்விடும். காரைக்கால் மாவட்டமே அதற்குள் முடிந்துவிடும். அந்த உயரத்திலிருந்து அது பார்க்கும் வட்டமோ சுற்றிலும் 2,500 கிலோமீட்டர். திருநள்ளாற்றுக்கு மேலே இருக்கும்போது இலங்கை முழுவதும் தெரியும், டெல்லி தெரியும், ரங்கூன் தெரியும். அத்தனை ஊரோடும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய கலம் ஒரு கோயிலுக்கு மேலே வந்ததும் வாயை மூடிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை. சரி, தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள்? அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே, நம் பார்வைக்கு ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்பவை. எந்த ஊரையும் கடப்பதே இல்லை.

ஆனாலும் விண்கலம் மௌனமாகும் என்பது உண்மை. மூன்று விநாடி கணக்கெல்லாம் இல்லை, மணிக்கணக்கில் மௌனமாகும். தாழ்வான பாதையில் சுற்றும் கலம் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை பூமியைச் சுற்றினாலும் நம் ஊர் ஆன்டெனாவுக்குத் தெரிவது சில சுற்றுகளில் மட்டுமே. தெரியும் ஒவ்வொரு தடவையும் அதிகம் போனால் 12 நிமிடம். பிறகு தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த மௌனத்தைத் தாண்டிப் பேச்சைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று மனிதர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட வரலாறுதான் இந்த வாரம்.

சென்ற பகுதியில் 1981 ஜூன் 19 அன்று ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக்கோளையும், சோதனைக்காக அதை மாட்டு வண்டியில் ஏற்றி நிறுத்திய அந்தப் படத்தையும் பார்த்தோம். அது ஒலியும் ஒளியும் அனுப்பிய காலம். இனிப் பேசப்போவது, தகவலைச் சிறு துண்டுகளாக நறுக்கி அனுப்பும் பொட்டலங்களின் காலம்.

1974 மே மாதம் வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெவ்வேறு விதிகளில் ஓடும் கணினி வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று கோப்பது எப்படி என்பதே அதன் பொருள். காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1954 நவம்பர் 1 வரை இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. எல்லையைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு போலீஸ். சிவப்புத் தொப்பி இந்தப் பக்கத்தோடு சரி. இரண்டு ஆட்சிக்கும் நடுவே சாவடி. மூட்டை உள்ளே போக வேண்டுமானால் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை விட, மேலே எழுதியிருக்கும் முகவரி இரு பக்கத்துக்கும் புரிய வேண்டும். செர்ஃபும் கானும் செய்தது அதுதான். வலைக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாவடி. எல்லோருக்கும் புரியும் ஒரே மாதிரி முகவரிச் சீட்டு. அந்தச் சீட்டுதான் ஐபி என்கிற இணைய நெறிமுறை. போன பொட்டலம் சேர்ந்ததா என்று விசாரித்து, சேராததைத் திரும்ப அனுப்பும் வேலை டிசிபி என்கிற இன்னொரு நெறிமுறைக்கு. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்பாநெட் வலைப்பின்னல் முழுவதும் இந்த முறைக்கு மாறியது.

விண்வெளி இந்தக் கதைக்குள் ஆரம்பத்திலேயே நுழைந்துவிட்டது. 1977 நவம்பர் 22 அன்று கலிபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து கிளம்பிய பொட்டலங்கள் ரேடியோ, தரைக்கம்பி, அட்லாண்டிக்குக்கு மேலிருந்த இன்டெல்சாட் என மூன்று விதமான வலைகளைக் கடந்து திரும்பின. ஆனால் அங்கே செயற்கைக்கோள் வெறும் கண்ணாடி. மேலே வந்ததைக் கீழே திருப்பிவிடும், அவ்வளவே. விண்கலமே இணையத்தில் ஒரு முகவரியாக, தானே பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்லும் ஒன்றாக மாற இன்னும் 23 வருடம் இருந்தது.

அந்த இடைவெளியில்தான் இந்தியாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

சீனிவாசன் ரமணி. பிற்பாடு பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் முதல் இயக்குநராக இருந்து, எர்நெட் என்ற வலைப்பின்னல் வழியாக நாட்டின் கல்விக்கூடங்களுக்கு மின்னஞ்சலைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 2014-இல் இணையப் புகழ் மன்றம் என்று சொல்லத்தக்க 'இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. அவரும் ரிச்சர்ட் மில்லரும் 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினிக் கடிதப் போக்குவரத்துக்கு இப்போது இருப்பவை போதாது, புதுவகைச் செயற்கைக்கோள் ஒன்று வேண்டும் என்பது அதன் தலைப்பிலேயே இருந்த கோரிக்கை. நிலநடுக்கோட்டை ஒட்டித் தாழ்வாகச் சுற்றும் சின்னக் கலம். ஒரு ஊருக்கு மேலே வரும்போது அந்த ஊர்க் கடிதங்களை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். போக வேண்டிய ஊர் வந்ததும் கொடுத்துவிட்டுப் போகும்.

ஏன் நிலநடுக்கோடு? காரைக்கால் இருப்பது வடக்கு அட்சரேகை 11 பாகைக்குச் சற்றுக் கீழே. நிலநடுக்கோட்டின் மேல் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கலம் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அது ஒவ்வொரு சுற்றிலும், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், தவறாமல் காரைக்காலின் தெற்கு வானில் எழும்பிப் போகும். துருவப் பாதையில் போகும் கலம் இப்படி வராது. ஏழை நாடுகள் பெரும்பாலும் வெப்ப மண்டலத்தில் இருக்கின்றன. அன்று தொலைபேசிக் கம்பி போகாத ஊர்களும் அங்கேதான் அதிகம். அவர்களுக்குத் தேவை உடனுக்குடன் பேசும் ஆடம்பரம் அல்ல. இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பத்திரமாகப் போய்ச் சேரும் கடிதம். தேவையைப் பார்த்துப் பாதையை வரைந்த யோசனை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்த யோசனை அப்படியே கலமாகவில்லை. ஆனால் அதே எண்ணம் வேறு கைகளில் உருவெடுத்தது. 1984 மார்ச் 1 அன்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் கட்டிய யூஓசாட்-2 மேலே போனது. கடிதத்தை வாங்கி வைத்துக் கொடுக்கும் சோதனைப் பெட்டி ஒன்று அதில் இருந்தது. செய்தவர்கள் பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசும் ஹாம் ஆர்வலர்களும், வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்துவந்த விட்டா என்ற தன்னார்வ அமைப்பும். 1990 ஜனவரி 22 அன்று ஒரே ஏரியான் ராக்கெட்டில் இந்த வகையைச் சேர்ந்த சிறு கலங்கள் கூட்டமாகப் போயின.

ஹாம்களை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஃபில் கார்ன் என்ற அமெரிக்க ஹாம், தன் அழைப்புக்குறியான கேஏ9க்யூ என்ற பெயரிலேயே, சாதாரண வீட்டுக் கணினியில் டிசிபி/ஐபி ஓடும் மென்பொருளை 1980-களின் நடுவில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். 44 என்று தொடங்கும் இணைய முகவரிகள் ஹாம்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. இணையம் என்ற சொல்லை நம் பத்திரிகைகள் கேள்விப்படும் முன்பே, ரேடியோ அலையில் இணையப் பொட்டலம் அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள்.

இன்றும் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். ஒரு சிறு கையடக்க ரேடியோவை 145.825 மெகாஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு, அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டடம் மறைக்காத மணலில் நில்லுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் அடிவானத்துக்கு மேலே வந்ததும், அதன் ஹாம் பெட்டி இயங்கிக்கொண்டிருந்தால், இரைச்சலுக்கு நடுவே 'ப்ர்ர்ப்' என்று காகிதம் கிழிவதைப் போல ஒரு ஒலி வரும். கண நேரம்தான் இருக்கும். அதற்குள் அனுப்பியவர் குறி, பெறுபவர் குறி, செய்தி, பிழை கண்டுபிடிக்கும் எண் எல்லாம் அடக்கம். யாரோ ஒருவர் தரையிலிருந்து அனுப்பிய பொட்டலத்தை நிலையம் திரும்ப ஒலிபரப்புகிறது. சில நிமிடம் இப்படி; பிறகு வெறும் இரைச்சல். திருநள்ளாற்று வரிசையில் சொல்லப்படும் மௌனத்தின் உண்மையான முகம் இந்த இரைச்சல்தான்.

விண்கலத்துக்கு நேரடியாக ஐபி முகவரி கொடுத்த நாள் 2000 ஏப்ரலில் வந்தது. அதுவரை ஒவ்வொரு விண்கலமும் பெரும்பாலும் தனக்கென ஒரு பாஷை, அதற்கென தரையில் தனிக் கருவி, அதைப் பராமரிக்கத் தனி ஆட்கள் என்றே வாழ்ந்தது. விண்வெளி நிறுவனங்கள் 1982-இல் கூடிப் பொதுத் தரங்களை வகுக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் அவையும் விண்வெளிக்கு மட்டுமே உரிய பாஷைதான். நாசாவின் காடர்ட் மையத்தில் ஒரு சிறு குழு நேரான கேள்வியைக் கேட்டது: கடையில் வாங்கும் ரூட்டர் ஏன் போதாது? கீத் ஹோகி, எட் கிரிஸ்குவோலோ, ரொனால்ட் பாரிஸ். இவர்களில் பாரிஸ் இரண்டு முறை விண்வெளி ஓடத்தில் பறந்தவர், சின்ன வயதிலிருந்தே ஹாம். சர்ரேக்காரர்களின் யூஓசாட்-12 அப்போது ஒரு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். தரையில் சாதாரண ரூட்டர். கணினிக்காரர்கள் தினமும் பத்துத் தடவை செய்யும் 'பிங்' ஒன்றைத் தட்டினார்கள். இருக்கிறாயா என்று கேட்கும் பொட்டலம் அது. மேலிருந்து பதில் வந்தது, இருக்கிறேன் என்று. பிறகு அந்தக் கலம் தரையிலிருந்த நேரக் கணினியிடம் மணி கேட்டுத் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொண்டது. கோப்புகளையும் அனுப்பியது. நம் வீட்டுக் கணினி செய்யும் அதே வேலைகள், அதே முறையில்.

அடுத்து வரும் சம்பவத்தை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியா ஓடத்தின் சரக்குப் பகுதியில் கேண்டோஸ் என்ற சோதனைக் கருவி இருந்தது. பறந்துகொண்டே இருக்கும் கலம் ஒரு தரை நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும், அதன் இணைய முகவரி மாறாமல் பொட்டலம் தேடிப்போய்ச் சேருமா என்று பார்ப்பது அதன் வேலை. ஓடும் பேருந்தில் நம் கைப்பேசி கோபுரம் விட்டுக் கோபுரம் தாவுவதைப் போன்றது. சேர்ந்தது. சோதனை வெற்றி. பிப்ரவரி 1 அன்று ஓடம் திரும்பும் வழியில் சிதறியது. ஏழு பேர். அவர்களில் ஒருவர் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா.

நான்கு நாள் கழித்து, 2002 செப்டம்பரில் ஏவப்பட்டிருந்த நம் மெட்சாட்-1 வானிலைச் செயற்கைக்கோளுக்குப் பிரதமர் வாஜ்பாய் கல்பனா-1 என்று பெயர் மாற்றினார். அதில் படம்பிடிக்கும் கருவியோடு இன்னொன்றும் இருந்தது. நாடு முழுக்க ஆளில்லாமல் நிற்கும் தானியங்கி வானிலை நிலையங்கள் அளக்கும் மழை, காற்று, அழுத்தத்தை வாங்கிப் புனேக்கு இறக்கிவிடும் பெட்டி. ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய நொடியில் ஒரு சிறு பொட்டலத்தை மேலே தூக்கிப் போடும், பதிலுக்குக் காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் 'நாகப்பட்டினம், காரைக்கால்' என்று செய்தியில் அடுத்தடுத்து வரும் ஊர்ப்பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மழை அளவு ஊர் ஊராக வந்து சேர்ந்த விதத்தில் பல வருடம் இந்தப் பெண்ணின் பெயரும் கலந்திருந்தது என்று தெரிய வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது அதன் கண்ணைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்த ரேடார்களில் ஒன்று காரைக்காலில் நிற்கிறது.

யூஓசாட்-12 காட்டிய வழியைச் சர்ரே நிறுவனம் விடவில்லை. பேரிடர்களைப் படமெடுக்கப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய டிஎம்சி கலங்களை முழுக்க ஐபியிலேயே ஓட்டியது. 2003 செப்டம்பர் 27 அன்று போன யூகே-டிஎம்சியில் சிஸ்கோ ரூட்டர் ஒன்றும் ஏறிக்கொண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தியப் பெருங்கடல் கரைகளைப் படமெடுத்துக் கொடுத்த கலங்களில் டிஎம்சியும் உண்டு. பட்டினச்சேரியும் கிளிஞ்சல்மேடும் காரைக்கால்மேடும் எத்தனை உயிரை அன்று கடலுக்குக் கொடுத்தன என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படங்கள் கீழே இறங்கிய விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம். டிஎம்சி கலத்திலிருந்து கீழே வரும் வேகம் விநாடிக்கு 81 லட்சம் பிட். தரையிலிருந்து மேலே போவதோ வெறும் 9,600 பிட். மேலிருந்து கொட்டுவது அருவி, கீழிருந்து போவது சொட்டு நீர். இப்போது டிசிபியைக் கொண்டுவாருங்கள். அது இரண்டு பொட்டலத்துக்கு ஒரு ரசீது கேட்கும். இரண்டு பொட்டலம் என்றால் 24,000 பிட். ரசீது ஒன்று 320 பிட். 9,600 பிட் வழியில் விநாடிக்கு 30 ரசீதுக்கு மேல் அனுப்ப முடியாது. அப்படியானால் கீழே வரக்கூடியது விநாடிக்கு 7 லட்சத்துச் சொச்சம் பிட்டோடு நின்றுவிடும். 81 லட்சம் வரக்கூடிய வாய்க்காலில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீர்கூட வராது. அதுவும் 12 நிமிடத்துக்குள்! ஆகவே ஐபி முகவரிச் சீட்டை வைத்துக்கொண்டு டிசிபியைக் கழற்றிவிட்டார்கள். சரடோகா என்று தாங்களே ஒரு முறையை எழுதினார்கள். முழு வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டு. எது விழவில்லை என்று தரை ஒரு சின்னப் பட்டியல் அனுப்பும். அதை மட்டும் திரும்பக் கொடு. டெல்டாக்காரர்களுக்கு இது புரியும். முறைத் தண்ணீர் வரும் நேரத்தில் வாய்க்காலைத் திறந்து விட்டுவிட வேண்டும். மடை மடையாகப் போய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் தண்ணீர் போய்விடும்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் இஸ்ரோவின் வழிகாட்டலில் கட்டிய அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12-இல் ரிசாட்-2 கூடவே ஏறியது. எடை ஏறத்தாழ 40 கிலோ. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று வடிவமைத்துக் கட்டிய முதல் செயற்கைக்கோள். அதன் முக்கிய வேலை என்ன தெரியுமா? செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு இடத்துக்கு மேலே வரும்போது கொடுப்பது. ரமணியும் மில்லரும் 1982-இல் காகிதத்தில் எழுதிய அந்த வேலை. 27 வருடம் கழித்து, சென்னைப் பிள்ளைகளின் கையில், 550 கிலோமீட்டர் உயரத்தில். நிலநடுக்கோட்டுக்குப் பதில் 41 பாகை சாய்ந்த பாதை, ஹாம் அலைவரிசை. 2012 ஏப்ரலில் காற்று மண்டலத்தில் விழுந்து எரியும்வரை அது சுற்றியது. அனுசாட் என்றால் 'கல்லூரிப் பிள்ளைகள் செய்தது' என்று ஒரு வரியில் எழுதி முடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரி போதாது. ராக்கெட் புகைக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது அதன் வேலைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இனிச் சனிக்கு வருவோம். சனீசுவரனை வைத்துத் தொடங்கியதால் சொல்லவில்லை. வைத்திருந்து கொடுக்கும் வித்தைக்குச் சனிக்கிரகத்தில் பெரிய பரீட்சை ஒன்று நடந்தது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற சிறு கலம் சனியின் நிலாவான டைட்டனில் இறங்கியது. அதன் குரல் பூமியை நேராக எட்டித் தகவல் தரும் அளவுக்குப் பலமில்லை. ஆகவே அது தாய்க்கலமான காசினியிடம் பேசியது. காசினி எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு தன் பெரிய ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்பிக் கொடுத்தது. இரண்டு வழிகளில் ஹைகன்ஸ் பேசியது. ஒரு வழியைக் கேட்கும் கருவியை இயக்கச் சொல்லும் கட்டளை காசினிக்கு அனுப்பப்படாமல் விட்டுப்போயிற்று. எழுநூறு படங்களில் கிடைத்தவை ஏறக்குறைய 350. இடையில் நிற்பவர் வாங்கிவைக்கத் தவறினால் அனுப்பியவர் எவ்வளவு கத்தியும் பயனில்லை.

2017 செப்டம்பர் 15 அன்று காசினியும் சனிக்குள் பாய்ந்து முடிந்தது. அதன் கடைசிக் குரல் நம் நேரப்படி மாலை 5.25-க்கு வந்து நின்றது. அந்தக் குரல் கிளம்பி 83 நிமிடம் ஆகியிருந்தது. அதே வருடம் டிசம்பர் 19 அன்று சனிப் பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள்.

83 நிமிடத்தை டிசிபியிடம் கொடுத்துப் பாருங்கள். அது பேச்சைத் தொடங்கும் முன் மூன்று வரி பரிமாறும். 'பேசலாமா?' 'பேசலாம், கேட்கிறதா?' 'கேட்கிறது.' சனியிலிருந்து இந்த மூன்று வரிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு வெகுமுன்பே, நம் கணினிகள் சில நிமிடங்களுக்குள் 'எதிர்முனையில் யாரும் இல்லை' என்று கைவிட்டுவிடும். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது ஒரு வழிக்கு 12 நிமிடம். மிக முக்கியமான அந்த எஞ்சின் இயக்கத்தின்போது கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. கட்டளைகளை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு தானே செய்து முடித்தது.

1998-இலேயே இதை உணர்ந்தவர் அதே வின்ட் செர்ஃப். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஆட்ரியன் ஹூக் முதலியவர்களோடு உட்கார்ந்து, தான் பெற்ற பிள்ளையான டிசிபி/ஐபி கிரகங்களுக்கு நடுவே ஓடாது என்று ஒப்புக்கொண்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதிலிருந்து வளர்ந்ததுதான் தாமதம் தாங்கும் வலைப்பின்னல், சுருக்கமாக டிடிஎன். அதில் செய்தி ஒரு மூட்டை. வழியில் இருக்கும் ஒவ்வொரு நிலையமும் மூட்டையை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த நிலையம் கண்ணில் படும்வரை நிமிடமோ நாளோ காத்திருக்கும். கைமாற்றிவிட்ட பிறகுதான் தன்னிடம் உள்ளதை அழிக்கும். 2008-இல் யூகே-டிஎம்சி ஒரு படத்தை இந்த மூட்டை முறையில் இறக்கியது. அதே வருடம் நவம்பரில் எபாக்சி விண்கலம் 3 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இந்த முறையில் பேசியது. 2016-இலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் இது நிலையான சேவை. 2024 பிப்ரவரி 8 அன்று ஏவப்பட்ட நாசாவின் பேஸ் கலம், கடலின் நிறத்தைப் படிப்பது, தன் அன்றாடத் தகவல் அத்தனையையும் இந்த முறையில் இறக்குகிறது.

கடல் என்றதும் கரைக்கே திரும்பிவிடலாம். காரைக்காலிலிருந்து விசைப்படகில் போகிறவர்கள் கைப்பேசிக் கோபுரம் எட்டும் தூரத்தை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்களும் ஒரு விண்கலம் மாதிரிதான், தொடுவானத்துக்குக் கீழே. 2019 அக்டோபரில் வெளியான ஜெமினி கருவி புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கிக் கைப்பேசியில் காட்டும். ஆனால் அது ஒருவழி. மீனவர் கேட்கலாம், திரும்பப் பேச முடியாது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தில், இஸ்ரோ உருவாக்கிய இருவழிக் கருவிகள் 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளுக்குப் போகின்றன. படகிலிருந்து ஆபத்து என்று சொல்லலாம், கடல் எல்லைக்கோடு நெருங்குவதை அறியலாம், கரையிலிருந்து வரும் சிறு செய்தியைப் படிக்கலாம். காரைக்கால் படகுகளுக்கு இலங்கைப் பக்கத்து எல்லைக்கோடு என்பதற்கு என்ன பொருள் என்று மீனவர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

2010-இல் தொடங்கப்பட்ட தேசிய தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் இயங்குகிறது. மீனவக் குப்பங்கள் அதற்குக் கூப்பிடு தூரம். அங்கே மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஹாம் உரிமத் தேர்வு எழுதுங்கள். ஒரு சிறு தரை நிலையம் போடுங்கள். மேலே போகும் கலங்களின் பொட்டலங்களைப் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். பக்கத்துக் குப்பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த 'ப்ர்ர்ப்' சத்தத்தைக் கேட்க வையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருநள்ளாற்றுக்குப் போங்கள், சனீசுவரனைக் கும்பிடுங்கள். மூன்று விநாடிச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அதை மட்டும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

(தொடரும்)